ஒத்தை முடிச்சு, ரெட்டை முடிச்சு

கண்ணை மூடச் சொன்னால் உடனே மூடிவிட வேண்டுமா என்ன? மயிலாத்தாள் மூடவில்லை. கேன்டீன் ஹாலில் எண்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், மத்தியானத்துச் சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை, மூன்று ஃபேனில் ஒன்று கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே சுற்றியது. பரிமாறுகிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நிவாஸ் சார், பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர், கன்னத்தோடு ஒட்டின மைக்கில் தாலாட்டுப் பாடுகிற குரலில் சொன்னார், "பத்து வருஷம் கழிச்சு நீங்க எங்கே இருக்கீங்க, அங்கே போய் உங்களைப் பாருங்க, மூச்சை ஆழமா இழுங்க." பத்து வருஷம் கழித்தா? மயிலாத்தாளுக்கு ஐம்பத்தாறு நடக்கும். இதே ஆவாரம்பாளையத்தில், இதே பம்ப் கம்பெனியில், இதே வைண்டிங் பெஞ்சில் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருப்பாள். இதைப் பார்க்க மூச்சை வேறு இழுக்க வேண்டுமாக்கும். அவருக்குப் பின்னால் பேனர், 'உங்களுக்குள் தூங்கும் படைப்பாளியைத் தட்டி எழுப்புங்கள்' என்று. தூங்குகிறாளாம்! யாருடா தூங்கினது? இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு லைனை நிறுத்தியிருக்கிறார்கள், விட்டுப்போன மோட்டாரையெல்லாம் பொழுதோட ஷிப்ட் முடிஞ்சும் உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் ஊட்டுக்குப் போகணும், தூக்கமாம் தூக்கம். அவள் கண்ணை மூடாததற்குக் காரணம் அதுகூட இல்லை. பேனருக்குப் பக்கத்துத் திரையில் ஒரு படம் நின்றுகொண்டிருந்தது. மூடினால் அது மறைந்துவிடும். மறையக் கூடாது. நல்லாப் பார்த்து வயிறு நல்லா எரியட்டும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

படத்தில் சம்பத்குமார் சார், யூனிட் ஹெட், ஒரு மோட்டாரைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு சிரித்தார். மோட்டாரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனிகளில் ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் பச்சை நூல். மேலே பெரிய எழுத்தில் 'எளிய யோசனை, பெரிய மாற்றம்'. கீழே 'சிந்தனை: திரு. சம்பத்குமார்'. அதற்கும் கீழே 'திங்கட்கிழமை முதல் அரசூர் புது யூனிட்டில்'. இந்தப் படத்துக்கு முதலில் எல்லாரும் கை தட்டினார்கள். மயிலாத்தாளும் தட்டினாள். மூன்று தட்டு தட்டின பிறகுதான் என்ன படம் என்று புத்தியில் ஏறியது, நாலாவது தட்டுக்குக் கை பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த மூன்று தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் வாங்கிக்கொள்வாள். சிந்தனையாம். யாருடைய சிந்தனை? மோட்டாருக்குள் ரெண்டு சுற்று உண்டு. ஒன்று ஸ்டார்ட்டிங், அது கிளப்பிவிடும். இன்னொன்று ரன்னிங், அது ஓடிக்கொண்டே இருக்கும். ரெண்டும் செம்புக் கம்பிதான், வெளியே நீட்டுகிற நுனியைப் பார்த்து எது எது என்று ஆண்டவன் வந்தாலும் சொல்ல முடியாது. மாற்றிக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், சூடேறும், புகைந்துபோகும். பெஞ்சில் இருக்கிற பெண்களுக்கு இங்கிலீஷ் பேர் நாக்கில் நிற்காமல் போனபோது ரன்னிங்குக்கு மாமியார் என்றும் ஸ்டார்ட்டிங்குக்கு மருமகள் என்றும் பேர் வைத்ததே மயிலாத்தாள்தான். கிளப்பிவிடறது மருமக, பேரு வாங்கறது மாமியா என்று சொல்லிச் சொல்லி அன்றைக்கு எப்படிச் சிரித்தார்கள். இப்போது பார், இந்த ஊரிலேயே பெரிய மாமியார் திரையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

வெந்து வந்த மோட்டாருக்குக் கனெக்ஷன் கொடுக்கிற பேபி, பக்கத்து நாற்காலியில் சொன்ன பேச்சைக் கேட்டுக் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். அவளுக்கென்ன, மூடினாலும் திறந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. அது மயிலாத்தாளுக்கு மட்டும்தான் தெரியும். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் பதினோரு மோட்டார் புகைந்தது, டெஸ்டிங்காரன் பெஞ்சுக்கே வந்து, "கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினான். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேபி மட்டும் அவன் சொன்னது தனக்குத்தான் என்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தாள், அதுவும் அவன் நின்ற பக்கம் இல்லை, அக்கட்டால சுவத்துப் பக்கம். சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் பிடித்துக் கேட்டதற்குத் தேம்பினாள். "சர்க்கரைங்க்கா. பஸ்ஸு நம்பரே தெரியறதில்லீங்க. வெளிய சொல்லிராதீங்க்கா, நாளைக்கே அனுப்பிருவாங்க." புருஷன் இல்லாதவள், பெண் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் அன்றைக்குச் சாயங்காலம் பூராவும் திட்டிக்கொண்டே யோசித்தாள். சர்க்கரையைத் திட்டினாள், டெஸ்டிங்காரனைத் திட்டினாள், பேபியைத் திட்டினாள், திட்டிக்கொண்டே ஜாக்கெட் தைக்கிற நூற்கண்டில் சிவப்பும் பச்சையும் எடுத்து வந்து மறுநாள் நுனியில் கட்டினாள். வார்னிஷ் தொட்டியில் முக்கி அடுப்பில் வைத்து எடுத்தால் சிவப்பும் கருப்பட்டி நிறம், பச்சையும் கருப்பட்டி நிறம். போச்சு. கண்ணு தெரிகிறவர்களுக்கே தெரியவில்லை. நாலு நாள் அந்த நூலையே விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு திரிந்தாள், பஸ்ஸில், அடுப்படியில், குளிக்கிற இடத்தில். அஞ்சாம் நாள் பஸ்ஸில் நூல் விரலிலேயே முடிச்சு விழுந்துபோய், அவிழ்க்க நகத்தால் நெருடும்போது, அட, நகத்துக்குத் தெரிகிறதே! கண்ணு எதுக்கு? மாமியாருக்கு ஒத்தை முடிச்சு, மருமகளுக்கு ரெட்டை முடிச்சு. வார்னிஷ் கலரைத்தான் தின்னும். முடிச்சைத் தின்னாது, கல்லு மாதிரி இறுக்கிக் கொடுக்கும். இருக்கிற நூலை வீணாக்குவானேன் என்றுதான் சிவப்பும் பச்சையும் அப்படியே தொடர்ந்தது, வேறொரு காரணமும் கிடையாது. அன்றைக்கிலிருந்து பேபி கையில் ஒரு மோட்டார்கூடப் புகைந்ததில்லை. சம்பத்குமார் சார் ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்தபோது நூலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நோம்பிக்குத் தோரணமா?" என்று கேட்டார். "அடையாளத்துக்குங்க சார், அந்த முடிச்சத் தொட்டுப் பாருங்..." அதற்குள் அவர் போன் அடித்தது. போய்விட்டார். தொடவில்லை. தொடாமல் போனவர்தான் அஞ்சு வருஷம் கழித்துத் திரையில் சிரிக்கிறார், கையில் கலரை மட்டும் வைத்துக்கொண்டு.

திருடினதுதான் திருடினே, முழுசாகத் திருடக் கூடாதா? இதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குள் புகுந்தவன் நகையை விட்டுவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய், ஊர் நடுவில் நின்று டப்பாவுக்கு மாலை போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும். எழுந்திருக்கணும். எழுந்திரு மயிலாத்தா. எழுந்திருக்க முடியவில்லை. இதுவும் புதுசு இல்லையே, அவளுக்குத் தெரியும், எழுந்திருக்கிற இடத்தில் முழங்கால் பூட்டிக்கொள்வது அவளுக்கு ஆறாங்கிளாஸிலிருந்து இருக்கிற வியாதி. தொண்ணூற்றொன்பதை ஏழால் பெருக்கச் சொன்னார் கணக்கு வாத்தியார். மற்றவர்கள் ஒன்பதேழு அறுபத்து மூன்று என்று பலகையில் கிறுக்கிக்கொண்டிருக்கும்போது இவள் எழுநூறில் ஏழு போனால் அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று என்று ஒரே வரியில் எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழியைக் காணோமே. "யாரைப் பார்த்து எழுதினே?" யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பிரம்பு மேசை மேல் இருந்தது. யாரையாவது சொன்னால் விட்டுவிடுவார் என்று தோன்றியது, "மோகன்ராஜப் பாத்துங்க சார்" என்றாள். வாத்தியார் மோகன்ராஜைத் தட்டிக்கொடுத்தார். அந்த மடையன் என்ன ஏது என்று தெரியாமலே எழுந்து நின்று வாங்கிக்கொண்டான். மயிலாத்தாளுக்குப் பிரம்படி விழுந்தது, பார்த்து எழுதினதற்கு. இன்றைக்கு வரைக்கும் நினைத்தால் உள்ளங்கை கனகனவென்று வருகிறது, அடியால் இல்லை. அவன் கேட்கவே இல்லையே, நானாக அல்லவா தூக்கிக் கொடுத்தேன்! அவள் வீட்டுக்காரர் மட்டும் என்ன வாழுதாம்? எட்டு நாளைக்கு ஒருதரம் வருகிற தண்ணீருக்குக் காத்துக் கிடக்க முடியாமல், திறந்து விட்ட குழாய்க்கு அடியில் பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள், முதல் சொட்டு விழுந்ததும் டங்கென்று சத்தம் கேட்கட்டும் என்று. இப்போது வீதி பூராவும் டப்பாதான். "நானாத்தானுங்க ஒரு ஐடியா பண்ணினேன்" என்று அவர் டெம்போ ஸ்டாண்டில் சொன்னதை இவளே காதால் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு வந்து என்ன செய்தாள்? காபி போட்டுக் கொடுத்தாள். த்தூ.

"மெதுவா கண்ணைத் திறங்க" என்றார் நிவாஸ் சார். எல்லாரும் திறந்தார்கள், ரெண்டு பேருக்கு நிஜமாகவே தூக்கம் கலைந்தது. "இப்ப எல்லாரும் அவுட் ஆஃப் த பாக்ஸ் யோசிக்கப் போறோம்!" பேபி இவள் பக்கம் சாய்ந்து, "எந்த பாக்ஸுங்க்கா, டிபன் பாக்ஸா?" என்று கிசுகிசுத்தாள். மற்ற நாளாக இருந்தால் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்திருக்கும். மஞ்சள் துண்டுச்சீட்டு கைமாறி வந்தது. ஆளுக்கொரு யோசனை எழுத வேண்டுமாம். சீட்டில் ரெண்டே கோடு, 'யோசனை' என்று ஒன்று, 'பெயர் (விருப்பமிருந்தால்)' என்று ஒன்று. விருப்பமிருந்தால்! "பேர் முக்கியமில்லைங்க, யோசனைதான் முக்கியம், நாம எல்லாம் ஒரே டீம்" என்றார் நிவாஸ் சார். முன் வரிசையில் கால் மேல் கால் போட்டிருந்த சம்பத்குமார் சார் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பேர் முக்கியமில்லை என்றால் திரையில் இருக்கிற பேர் என்னத்துக்கு இருக்கிறது? எங்களுக்கு வந்தால் டீம், உங்களுக்கு வந்தால் திரு. சம்பத்குமாரா? அவளுக்குக் காது மடல் சுட்டது. சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? கலர் இல்லை சார், முடிச்சு என்பாள். முடிச்சு எதுக்கு, கண்ணால பார்த்தா தெரியாதா என்பார்கள். கண்ணால் பார்க்க முடியாதவள் ஒருத்தி... அங்கேதான் வந்து சிக்கிக்கொள்கிறது. எந்தப் பக்கமிருந்து நூலை இழுத்தாலும் பேபி வந்து நிற்கிறாள். முடிச்சுக்கு மேல் கை வைத்தால் முதலில் அவிழ்வது இவள் வேலைதான். சரி, வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால்? இருந்துவிடலாம், ஜம்மென்று. திங்கட்கிழமை அரசூரில் கலரை நம்பிக் கட்டுவார்கள், வார்னிஷில் முக்குவார்கள், அடுப்பில் வைப்பார்கள், செவ்வாய்க்கிழமை பூராவும் புகைதான். மாமியார் மருமகள் ஒன்றுக்கொன்று மாறி, அந்தத் திரு. சம்பத்குமாரின் சிந்தனை பூராவும் கருகி நாறட்டும். நினைக்க நினைக்க இனித்தது. ஆனால் யாரைத் திட்டுவான் அங்கே டெஸ்டிங்காரன்? சாரையா திட்டுவான்? புதுசாகச் சேர்த்திருக்கிற நாற்பது பெண்களை, பத்தொன்பது இருபது வயசுப் புள்ளைகளை நிற்க வைத்துத்தான், கண்ணு அவிஞ்சா போச்சு என்பான். அதில் ஒருத்தியாவது தலையைக் குனிந்துகொண்டு, ஆமாங்க சார், எம்மேலதான் தப்புங்க என்பாள். சொல்வாள், கட்டாயம் சொல்வாள், நான் சொல்லவில்லையா மோகன்ராஜ் என்று?

மேசை மேல் ரெண்டு மோட்டார் காட்சிக்கு வைத்திருந்தது. ஒன்று படத்தில் இருக்கிற அதே மோட்டார், வார்னிஷே காணாதது, சிவப்பும் பச்சையும் பளபளவென்று கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. இன்னொன்று காலையில் அவர்கள் பெஞ்சிலிருந்தே தூக்கிக்கொண்டு வந்தது, அடுப்பில் வெந்து தலையோடு கால் கருப்பட்டி நிறம். அதன் நுனியைக் கட்டினது அவள் கை. இங்கே உட்கார்ந்தே அவளால் அந்த முடிச்சை விரலில் உணர முடிந்தது. கண்ணை மூடினால் இன்னும் நன்றாகத் தெரியும். கண்ணை மூடினால். அட. அடச்சே, கண்ணை மூடினால்! இவ்வளவு நேரமாக அந்த மனிதர் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் கண்ணை மூடிவிட்டால் யாருக்குக் கண்ணு தெரியும் யாருக்குத் தெரியாது என்று எவனுக்குத் தெரியும்? முழங்கால் பூட்டு எப்போது விட்டது என்று அவளுக்கே தெரியவில்லை, நாற்காலி பின்னால் தரதரவென்று இழுபட்ட சத்தத்துக்கு எண்பது பேரும் திரும்பினார்கள், அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லுங்க மேடம், சூப்பர், முதல் யோசனை!" என்று நிவாஸ் சார் மைக்கோடு ஓடி வந்தார். யோசனை இல்லீங்க, ஒரு சந்தேகம் என்றாள், குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும், ஆத்திரத்தில்தானே நடுங்குகிறது. "ஏனுங்க சார், வார்னிஷ்ல முக்கி அடுப்புல வெச்சு எடுத்தா அந்தக் கலரு என்னாகுமுங்க?" சம்பத்குமார் சார் திரும்பாமலே சிரித்தார். "கலர் கலராத்தானேம்மா இருக்கும், வேறென்ன ஆகும்?" வைண்டிங் பெஞ்சுப் பெண்கள் இருபத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போதுதான் அவர் திரும்பினார். மயிலாத்தாள் நடந்து போய் வெந்த மோட்டாரைத் தூக்கி அவர் மடியருகே நீட்டினாள். "இதுல எது ரன்னிங், எது ஸ்டார்ட்டிங்குன்னு சொல்லுங்க சார். நூலு கட்டித்தான் இருக்குது." அவர் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். நிவாஸ் சாரும் குனிந்து பார்த்தார். அவர் ஒன்றை ரன்னிங் என்று காட்டினார், இவர் இன்னொன்றைக் காட்டினார். "அப்புடி ஓரமா வைங்க சார்" என்றாள். "பேபி, இங்க வா புள்ள. கண்ண இறுக்கி மூடிக்க. மூடிக்கிட்டே சொல்லோணும்." பேபி எழுந்து நின்று கண்ணை மூடினாள், மயிலாத்தாள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள், கண்ணை மூடினவளைக் கையைப் பிடித்துத்தானே கூட்டி வரவேண்டும், அதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. பேபியின் விரல் கம்பி நுனியில் போய் உட்கார்ந்தது. "ஒத்தை. இது மாமியாருங்க." அடுத்தது. "ரெட்டை. மருமகளுங்க." எழுந்து வந்து யாரோ மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துச் சோதித்தார்கள், திருப்பின பிறகும் அதையேதான் சொன்னாள். அப்புறம் கைதட்டல். படத்துக்குத் தட்டின மாதிரி இல்லை, இது பின் வரிசையிலிருந்து கிளம்பி வந்தது.

"பிரமாதம்! யாருங்க கண்டுபிடிச்சது இதை?" என்றார் நிவாஸ் சார். யாரைப் பார்த்து எழுதினே என்று காதுக்குள் கேட்டது. "நான்தானுங்க" என்றாள். ஒரே வார்த்தை. முப்பத்தஞ்சு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததற்கு இவ்வளவு சின்னதாகவா இருக்கும்? சம்பத்குமார் சார் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "நல்ல விஷயம்தாம்மா, எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? சரி, எப்படிக் கட்டறதுன்னு அந்தச் சீட்டுல எழுதிக் குடுத்துரு, அரசூருக்கு அனுப்பிடறேன்" என்றார். இன்னும் இவருக்கு உறைக்கவில்லையா? முன்னாடி சொல்ல வந்தபோது போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போனது யாராம்? அவள் மஞ்சள் சீட்டை மேசை மேல் வைத்து, யோசனைக் கோட்டை விட்டுவிட்டு, பெயர் கோட்டில் கொட்டை எழுத்தில், கோடு பத்தாமல் ஓரம் வரைக்கும், ப. மயிலாத்தாள், வைண்டிங் என்று எழுதினாள். 'விருப்பமிருந்தால்' என்பதை அடித்தாள், பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. "மொதல்ல இத அங்க போடுங்க சார்" என்று திரையைக் காட்டினாள். "முடிச்ச எழுதிக் குடுத்தா வராதுங்க. திங்கக்கெழம நானே அரசூருக்கு வந்து அந்தப் புள்ளைக கையப் புடிச்சுக் கட்டிக் காட்டறேன்." சம்பத்குமார் சார் சீட்டைப் பார்த்தார், இருபத்திரண்டு பெண்களைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். நிவாஸ் சார் அவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்தார்.

மயிலாத்தாள் பேபியைக் கையைப் பிடித்தே கூட்டி வந்து உட்கார வைத்தாள். ஆத்திரம் அடங்கவில்லை, அது பாட்டுக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது, இன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அந்தப் பால்பவுடர் டப்பாவுக்கும் ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. பேபி கண்ணை அகலத் திறந்து திரைப் பக்கமாகப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"படத்துல உங்க பேரு வந்துருச்சாங்க்கா?"

மயிலாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். சார் மோட்டாரை ஏந்திக்கொண்டு இன்னும் சிரித்தபடியே இருந்தார்.

"இன்னும் வரல. வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருப்பேன். வந்ததும் உனக்கு வாசிச்சுக் காட்டறேன், இரு."